எல்லாம் ஒரே 230 வோல்ட்தான்: குண்டு பல்பு, டியூப் லைட், எல்.ஈ.டி. எப்படி எரிகின்றன, ஏன் போகின்றன?

கேள்வி இது: வீட்டுக்கு வருவது ஒரே கரண்ட். அதில் குண்டு பல்பு கை வைக்க முடியாமல் சுடுகிறது. டியூப் லைட் நாலு தடவை சிமிட்டிவிட்டுத்தான் எரிகிறது. எல்.ஈ.டி. போட்டவுடன் எரிகிறது, ஆனால் அட்டையில் 25,000 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தும் சில சமயம் ஒன்றரை வருடத்தில் அணைந்துபோகிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?

நாம் புழங்கும் விளக்குகளில் ஒளி பிறக்கும் வழி இரண்டே. ஒரு பொருளைப் பழுக்கக் காய்ச்சினால் அது ஒளிவிடும்; இது ஒரு வழி. அணுவிலோ படிகத்திலோ இருக்கும் எலக்ட்ரானை ஒரு படி மேலே ஏற்றி, அது கீழே இறங்கும்போது விடும் ஆற்றலை ஒளியாக வாங்கிக்கொள்வது இன்னொரு வழி. அகல் விளக்கு, குண்டு பல்பு, ஹாலஜன், சூரியன் முதல் வகை. டியூப் லைட், தெருவில் எரியும் மஞ்சள் சோடியம் விளக்கு, எல்.ஈ.டி., மின்மினிப் பூச்சி இரண்டாம் வகை. ஒரு விளக்கு எந்த வழியில் ஒளி தருகிறதோ, அந்த வழியாகவேதான் பெரும்பாலும் அதன் பழுதும் வரும். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

அகலிலிருந்து தொடங்கலாம். எண்ணெய் எரிகிறது, அதனால் வெளிச்சம் என்று நினைக்கிறோம். உண்மையில் மஞ்சள் சுடரில் ஒளிர்வது இன்னும் எரியாத கரி. திரியிலிருந்து ஆவியாகும் எண்ணெய், காற்று போதாமல் உடைந்து நுண்ணிய கரித்துகள்களாகிறது. அந்தத் துகள்கள் சூட்டில் பழுத்து மஞ்சளாக ஒளிவிடுகின்றன. சுடரின் விளிம்புக்கு வந்து காற்றைச் சந்தித்ததும் எரிந்து மறைகின்றன. விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண் மை கூட்டுகிறவர்கள் பிடிப்பது இந்தக் கரியைத்தான். கேஸ் அடுப்பில் காற்று முன்கூட்டியே கலந்துவிடுவதால் கரி உண்டாவதில்லை, சுடர் நீலமாக இருக்கிறது. அந்த நீலம் பழுப்பதால் வருவதல்ல. சுடருக்குள் உண்டாகும் மூலக்கூறுத் துண்டுகளில் எலக்ட்ரான் இறங்குவதால் வருவது, அதாவது இரண்டாம் வகை. பர்னரின் காற்றுத் துளை அடைபட்டால் சுடர் மஞ்சளாகிறது, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது. அடுப்பு அப்போது விளக்காக மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

குண்டு பல்பு அந்தக் கரித்துகள் செய்த வேலையை ஒரு கம்பிக்குக் கொடுத்தது. 1879இல் எடிசன் செய்த பல்பில் இருந்ததும் கரி இழைதான். இங்கிலாந்தில் ஸ்வானும் கரியை வைத்தே செய்தார். டங்ஸ்டனை மெல்லிய கம்பியாக இழுக்கும் வழி 1910 வாக்கில் கூலிட்ஜ் கண்டுபிடித்த பிறகே இன்றைய பல்பு வந்தது. 60 வாட் பல்பில் உள்ள கம்பி தலைமுடியைவிட மெல்லியது. நீட்டினால் அரை மீட்டருக்கு மேல் வரும். அதைச் சுருளாக்கி, அந்தச் சுருளையே மறுபடி சுருளாகச் சுற்றி வைத்திருப்பார்கள். சுற்றிலும் உள்ள வாயு சூட்டைத் திருடாமல் இருக்க அந்த ஏற்பாடு. எரியும்போது கம்பியின் சூடு ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸ்.

அவ்வளவு சூடும் போதவில்லை என்பதுதான் இதன் கோளாறு. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, கடைசியில் வெளுக்கும். சூடு ஏற ஏற, வெளிவரும் கதிர்வீச்சு அகச்சிவப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியும் பக்கம் நகர்கிறது. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி. அதன் கதிர்வீச்சின் உச்சம் நம் கண் பார்க்கும் எல்லைக்குள்ளேயே விழுகிறது. 2,500 டிகிரியில் உச்சம் அகச்சிவப்பில்தான் நிற்கிறது. அதனால் 60 வாட்டில் சுமார் 5 சதவீதம் மட்டுமே ஒளியாகிறது, மற்றதெல்லாம் வெப்பம். கம்பியை இன்னும் சூடாக்கலாமே என்றால், டங்ஸ்டன் 3,422 டிகிரியில் உருகும்; அதற்கு வெகு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். சூட்டைக் கூட்டினால் வெளிச்சம் கூடும், ஆயுள் குறையும். குண்டு பல்பின் ஆயுளாகச் சொல்லும் 1,000 மணி நேரம் என்பது இந்தப் பேரத்தில் தொழிற்சாலைகள் ஒத்துக்கொண்ட புள்ளி.

ஆவியாவதைக் குறைக்கத்தான் உள்ளே ஆர்கானும் நைட்ரஜனும் அடைக்கிறார்கள். (15 வாட் போன்ற சின்ன பல்புகளில் வெற்றிடம்தான். நாம் ‘ஜீரோ வாட்’ என்று வாங்கிய இரவு விளக்கு உண்மையில் 12 முதல் 15 வாட் தின்றது. பெயரில் மட்டும்தான் ஜீரோ.) அப்படியும் ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் படிந்து, பழைய பல்பு உள்பக்கம் சாம்பல் கறுப்பாகிறது. கறுப்பாக இல்லாமல் வெள்ளைப் பொடியாகப் படிந்திருந்தால் காரணம் வேறு: கண்ணாடியில் கீறல் விழுந்து காற்று புகுந்திருக்கிறது, கம்பி எரிந்து ஆக்சைடாகிவிட்டது.

ஸ்விட்ச் போடும் நொடியில் பல்பு போவது ஏன்? எரியும்போது 60 வாட் கம்பியின் மின்தடை சுமார் 880 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே. ஆகவே முதல் சில மில்லி நொடிகளில் கால் ஆம்பியருக்குப் பதில் மூன்று ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. புதுக் கம்பி இதைத் தாங்கும். பழைய கம்பியில் எங்கோ ஓரிடம் ஆவியாகித் தேய்ந்திருக்கும். அந்த இடம் மற்ற இடங்களுக்கு முன்பே சூடேறி, உருகி அறுந்துவிடும். அடிக்கடி போட்டு அணைத்ததால் பல்பு போனது என்று பிள்ளைகளைத் திட்டுவது முழு நியாயமில்லை. ஆயிரம் மணி நேரத்தில் தேய்ந்த கம்பி அந்த நொடியில் அறுகிறது, அவ்வளவுதான். உண்மையான எதிரி கூடுதல் வோல்டேஜ்: 5 சதவீதம் கூடினால் குண்டு பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடுகளில் பல்பு பளிச்சென்று எரிந்து சீக்கிரம் போவதும், லைனின் கடைக்கோடி வீட்டில் மங்கலாக எரிந்து வருடக்கணக்கில் கிடப்பதும் இதனால்.

ஹாலஜன் இதே பல்புதான். உள்ளே கொஞ்சம் அயோடின் அல்லது புரோமின் சேர்த்திருப்பார்கள். ஆவியான டங்ஸ்டனை அது பிடித்துக் கம்பிக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. இந்தச் சுழற்சி நடக்கக் கண்ணாடிச் சுவரே 250 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அதனால் சிறிய குவார்ட்ஸ் குப்பி. வண்டி ஹெட்லைட் மாற்றும்போது அந்தக் குப்பியை விரலால் தொடாதீர்கள். கைப்பிசுக்கும் வியர்வை உப்பும் ஒட்டிய இடத்தில் குவார்ட்ஸ் வெளுத்து, அங்கேயே வெடிக்கும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

சூட்டு வகையில் கெட்டிக்கார விளக்கு என்று மண்ணெண்ணெயில் எரியும் பெட்ரோமாக்ஸைத்தான் சொல்வேன். சுடரின் மேல் பைபோலத் தொங்கி ஒளிரும் அதன் மேண்டில் துணி அல்ல. துணி முதல் தடவையிலேயே எரிந்து போய், மிஞ்சுவது தோரியம் ஆக்சைடும் சுமார் 1 சதவீதம் சீரியம் ஆக்சைடும் சேர்ந்த சாம்பல் கூடு. இந்தக் கலவை அகச்சிவப்பைக் கஞ்சத்தனமாக விடும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தாராளமாக விடும். அதனால் மண்ணெண்ணெய்ச் சுடரிலிருந்தே வெள்ளை வெளிச்சம் கிடைக்கிறது. தோரியம் வந்தது மோனசைட் மணலிலிருந்து. திருவிதாங்கூர் கரையிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அந்தக் கரையைத் தேடி 1909இல் ஜெர்மனியிலிருந்து ஆள் வந்தது. இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்த கதை இதுதான். தோரியம் கதிரியக்கம் உள்ளது என்பதால் பிறகு பலர் கதிரியக்கம் இல்லாத யிட்ரியத்துக்கு மாறினார்கள். உதிர்ந்த மேண்டில் தூளை ஊதி மூச்சில் இழுக்காமலிருப்பது நல்லது.

இனி இரண்டாம் வகை. டியூப் லைட்டுக்குள் கம்பி எரியவில்லை, வாயுவும் ‘எரிய’வில்லை. மிகக் குறைந்த அழுத்தத்தில் ஆர்கானும் சில மில்லிகிராம் பாதரசமும் இருக்கின்றன. ஒரு முனையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் பாதரச அணுவில் மோதுகிறது. அணுவின் எலக்ட்ரான் மேலே ஏறி இறங்குகிறது. 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் வெளிவருகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. குழாயின் உள்சுவரில் பூசிய வெள்ளைப் பாஸ்பர் பொடி அதை விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிறது. வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியில் இருக்கும் யு.வி. விளக்கும் இதே டியூப்தான். பூச்சு கிடையாது, புற ஊதாவைக் கடத்தும் கண்ணாடி. அதனால்தான் அதைத் திறந்து வைத்துப் பார்க்கக் கூடாது.

வாயுவில் ஒரு சிக்கல் உண்டு. முதலில் அது மின்சாரத்தைக் கடத்தவே மறுக்கும். கடத்தத் தொடங்கிவிட்டால் கரண்ட் கூடக் கூட மின்தடை குறைந்துகொண்டே போகும். அப்படிக் கடத்தும் டியூப்பை நேராக 230 வோல்ட்டில் விட்டால் நொடியில் பாழாகும். முதலில் பற்றவைப்பது, பிறகு கரண்டைக் கட்டுக்குள் வைப்பது என்ற இரண்டு வேலையையும் சோக்கு, அதாவது இரும்புத் தகடுகளில் சுற்றிய கம்பிச் சுருள், பார்க்கிறது. ஸ்விட்ச் போட்டதும் முழு வோல்டேஜும் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சின்ன வாயுக் குமிழில் விழுகிறது. அது ஒளிர்ந்து, உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை சூட்டில் வளைந்து எதிர்முனையைத் தொடுகிறது. இப்போது கரண்ட் டியூப்பின் இரு முனைச் சுருள்கள் வழியாக ஓடி அவற்றைச் சூடாக்குகிறது. தொட்டுக்கொண்டதால் குமிழ் அணைந்து பட்டை குளிர்கிறது, விலகுகிறது. ஓடிக்கொண்டிருந்த கரண்ட் திடீரென்று அறுபட்டதும் சோக்கு பல நூறு வோல்ட் உதை ஒன்றைக் கொடுக்கிறது. அந்த உதையில்தான் டியூப் பற்றிக்கொள்கிறது. பற்றிய பிறகு 36 வாட் டியூப்பின் குறுக்கே சுமார் 100 வோல்ட்தான் நிற்கும், 0.43 ஆம்பியர் ஓடும். மிச்ச வோல்டேஜைச் சோக்கு தாங்கிக்கொள்கிறது. எரிந்த பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றினாலும் விளக்கு அணையாது, ஏனென்றால் அதற்கு இனி வேலை இல்லை.

இது புரிந்தால் கோளாறுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரு முனையும் ஆரஞ்சாக ஒளிர்கிறது, நடு இருட்டு: ஸ்டார்ட்டரின் பட்டை ஒட்டிக்கொண்டுவிட்டது, ஸ்டார்ட்டரை மாற்றுங்கள். விடாமல் சிமிட்டுகிறது, முனைகள் கறுத்திருக்கின்றன: சுருளில் பூசிய பேரியம் ஆக்சைடு தீர்ந்துவிட்டது. எலக்ட்ரான் எளிதாகக் கிளம்ப உதவுவது அந்தப் பூச்சுதான், அது போனால் டியூப் போனது. முனை கறுக்காமலே சிமிட்டினால் வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். சாயங்காலம் 180 வோல்ட்டுக்கு இறங்கும் ஊர்களில் இது சகஜம். உஸ்ஸென்று சத்தம் வந்தால் சோக்கின் இரும்புத் தகடுகள் தளர்ந்து நொடிக்கு 100 தடவை அதிர்கின்றன. பட்டியின் திருகை இறுக்கினால் பெரும்பாலும் அடங்கும். எலக்ட்ரானிக் சோக்கு இவற்றில் பெரும்பாலானவற்றை ஒழித்தது. அது பல்லாயிரம் சுழற்சி வேகத்தில் கொடுப்பதால் ஸ்டார்ட்டரும் வேண்டாம், சிமிட்டலும் இல்லை. சி.எஃப்.எல். என்பது அந்தச் சோக்கோடு சேர்த்து மடித்த டியூப்.

டியூப் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், பாதரசத் தூள் அறை முழுக்கப் பரவும். ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் வெளியே இருங்கள். கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

சோடியம் விளக்கும் இதே ஆட்டம்தான், பாதரசத்தின் இடத்தில் முக்கியமாகச் சோடியம். அதன் எலக்ட்ரான் இறங்கும்போது 589 நானோமீட்டர் மஞ்சள் நேரடியாக வருகிறது. அடுப்புச் சுடரில் உப்புத் தண்ணீர் தெறித்தால் தெரியும் அதே மஞ்சள். தெருவில் கரண்ட் போய் உடனே வந்தாலும் சோடியம் விளக்கு சில நிமிடம் எரியாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சூட்டில் உள்ளே ஆவி அழுத்தம் ஏறியிருக்கும். அந்த அழுத்தத்தில் அதைப் பற்றவைக்கத் துவக்கியின் உதை போதாது. ஆறிய பிறகே பிடிக்கும்.

எல்.ஈ.டி.யில் வாயுவும் இல்லை. காலியம் நைட்ரைடு படிகத்தில் ஒரு பக்கம் எலக்ட்ரான் மிகுதி, மறு பக்கம் எலக்ட்ரானுக்கான காலியிடம் மிகுதி. சுமார் 3 வோல்ட் கொடுத்தால் இரண்டும் நடுவில் சந்திக்கின்றன. எலக்ட்ரான் காலியிடத்தில் விழும்போது அந்த உயர வித்தியாசம் ஒளியாக வருகிறது. உயரம் அதிகமானால் நீலம், குறைந்தால் சிவப்பு, சிவப்பு எல்.ஈ.டி. 2 வோல்ட்டிலேயே எரிவது அதனால்தான். சிவப்பு 1962இலேயே வந்துவிட்டது, பளிச்சிடும் நீலம் 1990களில்தான் கைகூடியது. அதற்குத்தான் அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல். வெள்ளை எல்.ஈ.டி. என்று தனியாக ஒன்று கிடையாது. 450 நானோமீட்டர் நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. கொஞ்சம் நீலம் அப்படியே வெளியே வர, மீதி மஞ்சளாக மாற, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளை. அணைந்திருக்கும் பல்பின் மூடியைக் கழற்றினால் மஞ்சள் பொட்டுகள் தெரிவது இந்தப் பூச்சுதான்.

9 வாட் பல்பு சுமார் 900 லூமன் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு) தருகிறது. அதாவது ஏறத்தாழ 3 வாட் ஒளி, 6 வாட் வெப்பம். குண்டு பல்பைவிட இது எவ்வளவோ குறைவு. ஆனால் குண்டு பல்பின் வெப்பம் பெரும்பாலும் கதிராக வெளியே பறந்துவிடும், கம்பிக்கும் சூடு வேண்டும். எல்.ஈ.டி.க்குச் சூடு விஷம், வெப்பம் கதிராகவும் போகாது. சில்லிலிருந்து அலுமினியத் தகடு, தகட்டிலிருந்து உடல், உடலிலிருந்து காற்று என்று நடந்துதான் வெளியேற வேண்டும். அந்தப் பாதையில் எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே ஆயுள் கசிகிறது. விலையைக் குறைக்க அலுமினியத்தை மெலிதாக்குவார்கள், எல்.ஈ.டி. எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றிலும் கரண்டைக் கூட்டுவார்கள். வெளிச்சம் அன்றைக்கு அதேதான், ஆயுள்தான் பாதி. மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் நல்ல பல்பும் இப்படித்தான் வாடும்.

பெரும்பாலும் முதலில் போவது எல்.ஈ.டி. அல்ல, அதற்குச் சோறு போடும் டிரைவர். 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கிச் சமன் செய்யும் மின்தேக்கியில் திரவம் இருக்கும்; சூட்டில் அது காய்ந்துபோகும். மின்தேக்கியின் சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. தலைப்பகுதி உப்பியிருந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். விளக்கு நடுங்கும், அல்லது எரிந்து எரிந்து அணையும். இரண்டாவது கோளாறு, பொட்டுகளில் ஒன்று கருகுவது. எல்லாம் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று அறுந்தால் மொத்தமும் அணையும். மூடியைத் திறந்தால் மஞ்சளின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரியும். ரிப்பேர் கடையில் அந்த ஒன்றை ஈயம் வைத்து இணைத்து எரியவிடுவார்கள். ஒன்று வரை பரவாயில்லை. இரண்டு மூன்று போனால் மிச்சமுள்ளவையும் அதே சூட்டில் வெந்தவைதான், நேரம் வீண். தகட்டில் நேரடி மெயின் வோல்டேஜ் இருக்கும், அணைத்த பின்னும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

ஒரே நாளில் வீட்டில் நாலைந்து எல்.ஈ.டி. போனால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். தெருக் கம்பியில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) தளர்ந்து, ஒரு பேஸில் (கரண்ட் வரும் கம்பி) 300 வோல்ட்டைத் தாண்டி ஏறியிருக்கும். மின்வாரியத்தில் சொல்லி அதைச் சரிசெய்யும் முன் புதுப் பல்பு மாட்டினால் அதுவும் போகும்.

25,000 மணி நேரம் என்பது அணையும் வரையிலான கணக்கே அல்ல. எல்.ஈ.டி.யின் வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்க ஆகும் நேரம் அது. தினம் ஏழு மணி நேரம் என்று வகுத்தால் பத்து வருடம் வரும், டிரைவர் அதுவரை பிழைத்திருந்தால்.

ஸ்விட்சை அணைத்த பின்னும் எல்.ஈ.டி. மங்கலாக மினுங்கினால், ஸ்விட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருக்கலாம், அல்லது ஸ்விட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கலாம். அதன் வழியாகக் கசியும் துளி கரண்டே எல்.ஈ.டி.யை மினுங்க வைக்கப் போதும். குண்டு பல்பாக இருந்தால் தெரியவே தெரியாது. முதல் காரணமாக இருந்தால் எலக்ட்ரீசியனை வைத்து மாற்றுங்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி ஹோல்டரில் கை வைப்பவருக்கு அது ஆபத்து.

நிறத்தைப் பற்றி ஒன்று. அட்டையில் 2700கே, 6500கே என்று போடுவது சூட்டு வகையிலிருந்து வந்த கணக்கு: அந்த வெப்பநிலையில் பழுத்த பொருள் எந்த நிறத்தில் ஒளிருமோ அந்த நிறம். (கே என்பது கெல்வின்; செல்சியஸோடு 273 கூட்டினால் வரும் எண்.) குண்டு பல்புக்கு 2700 என்றால் கம்பி உண்மையிலேயே அந்தச் சூட்டில் இருக்கிறது. எல்.ஈ.டி.க்கு அது வெறும் ஒப்புமை, பாஸ்பர் பூச்சின் கனத்தை மாற்றினால் எண் மாறும். பழுத்த பொருளின் ஒளியில் எல்லா நிறமும் தொடர்ச்சியாக இருக்கும், எல்.ஈ.டி.யில் நீலம் குன்றுபோல் உயர்ந்து நிற்கும், நல்ல சிவப்பு குறைவாக இருக்கும். அரக்குப் பட்டு கடைக்குள் ஒரு மாதிரியும் வீட்டில் வேறு மாதிரியும் தெரிவது இதனால்தான். வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்க்கும் பாட்டிமார் சரியாகத்தான் செய்கிறார்கள். தையல், ஓவியம், துணி வியாபாரம் என்று நிறம் முக்கியமான இடத்துக்கு வாட்டைப் பார்ப்பதோடு நிற்காமல் அட்டையில் சி.ஆர்.ஐ. எண்ணையும் (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு, உச்சம் 100) பாருங்கள்: சாதாரண பல்பில் 80 இருக்கும், 90க்கு மேல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.